தலைக்கு மேல் வெந்நீர்

சின்னக் குளியலறையில் கீசரை எங்கே மாட்டுவது என்பது பிளம்பரின் பிரச்சினை அல்ல, குளிப்பவரின் பிரச்சினை. இதைத் தெரிந்துகொள்ள ஒரு தில்லிக் குடும்பத்துக்குப் பதினோரு குளிர்காலங்கள் பிடித்தன.

தில்லியில் தீபாவளி முடிந்த கையோடு இரண்டு காரியங்கள் நடக்கும். பரணில் கிடந்த ரஜாய்கள் வெயில் காய மொட்டை மாடிக்குப் போகும். ஏழு மாதமாக யாரும் ஏறிட்டுப் பார்க்காத கீசரின் சுவிட்ச் போடப்படும். சிவப்பு விளக்கு எரிந்தால் வீட்டில் நிம்மதி. எரியாவிட்டால் பேட்டை எலக்ட்ரீஷியன் காட்டில் மழை. ஜனவரிக் குளிர் அப்படி. சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2021 புத்தாண்டு தினத்தன்று 1.1 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. 1935 ஜனவரியில் அது பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 0.6 வரை போனதுண்டு. மாடித் தொட்டியில் இரவெல்லாம் கிடந்த தண்ணீரை அந்த மாதிரிக் காலையில் ஒரு குவளை மேலே ஊற்றிக்கொள்வது தவசிகளுக்கு மட்டுமே சாத்தியம்.

ஆகவே கீசர் வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதமே அங்கே கிடையாது. எத்தனை லிட்டர், எத்தனை ஸ்டார், எத்தனை வருட கேரண்டி என்று கடைக்காரரைத் துளைத்தெடுப்பவர்கள் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு: எங்கே மாட்டுவது? பெரும்பாலான வீடுகளில் அதற்கு விடை சொல்பவர் வீட்டுக்காரர் அல்ல, பிளம்பர். அவருடைய விடை பெரும்பாலும் ஒன்றுதான். குழாய் எங்கே வருகிறதோ, அங்கே.

யமுனையின் கிழக்குக் கரையில், 1980களில் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாவது மாடி வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. கணவர் பள்ளி ஆசிரியர். மனைவி வங்கி ஊழியர். ஒரே மகள். குளியலறை ஐந்தடிக்கு நான்கடி. கதவு உள்பக்கமாகத் திறந்து கால்வாசி இடத்தை எடுத்துக்கொள்ளும். கூரை ஏழே அடி. அதற்கு மேலே தில்லிவாசிகள் 'பர்ச்சத்தி' என்று சொல்லும் பரண். பெட்டிகளும் ரஜாய்களும் அங்கேதான் வாசம். இதை ஒப்பந்தக்காரரின் கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு குளியலறைக்குக் கேட்கும் குறைந்தபட்ச அளவே 1.8 சதுர மீட்டர் பரப்பு, 1.2 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம்தான். முக்காலியில் உட்கார்ந்து வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொள்பவருக்கு இது போதும். ஆனால் அந்த இடத்துக்கு அப்புறம் இன்னொரு குடித்தனக்காரரும் வந்து சேர்ந்தார். அவர்தான் கீசர்.

கணக்கு எளிது. 25 லிட்டர் கொள்ளும் நெட்டுக்குத்தான கீசர் சுமார் 50 சென்டிமீட்டர் உயரம். கூரையை ஒட்டி ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி. அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்களுக்கும் வால்வுக்கும் இன்னொரு பதினைந்து. மொத்தத்தையும் 210-லிருந்து கழித்தால் மிச்சம் 140 சென்டிமீட்டர். அதாவது ஓர் ஆணின் தோள் உயரம். அதற்கு மேல் உள்ள இடம் கீசருக்குச் சொந்தம். தோளுக்கு மேல் உள்ள தலையை எங்கே வைப்பது என்பது தலைக்கு உரியவரின் பாடு.

அன்று பிளம்பர் சுவர்களைத் தட்டிப் பார்த்தார். உள்சுவர்கள் நாலரை அங்குலத் தடுப்புகள். வெளிச்சுவர் மட்டும் ஒன்பது அங்குலம். தண்ணீர் நிறைந்தால் 35 கிலோவை நெருங்கும் பாரத்தை ஒன்பது அங்குலச் சுவரில் தொங்கவிட அவர் முடிவு செய்ததில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குழாயும் அதே சுவரில்தான் இருந்தது. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. குழாய்க்கு நேர் மேலே, ஆகவே வாளிக்கு நேர் மேலே, ஆகவே முக்காலிக்கு நேர் மேலே கீசர் வந்து உட்கார்ந்தது.

முதல் வாரத்திலேயே ஆசிரியரின் நெற்றி வீங்கியது. இரண்டாவது வாரத்தில் அவர் குனியக் கற்றுக்கொண்டார். குளித்து முடித்து எழுந்திருக்கும்போது முதலில் முழங்கால், அப்புறம் இடுப்பு, பிறகு பக்கவாட்டில் ஓர் அடி, கடைசியாகத் தலை. "கீசர் மகராஜுக்குப் பிரணாமம்" என்று மகள் கேலி செய்வாள். வளர வளர அவளும் பிரணாமம் செய்யத் தொடங்கினாள். வால்விலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும் புதிராகவே இருந்தது. அதற்கும் காரணம் உண்டு. தண்ணீர் சூடானால் பெருகும். 25 லிட்டர் நீர் 15 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குப் போகும்போது கால் லிட்டருக்கு மேல் கூடிவிடும். பின்னால் திரும்ப வழியில்லாதபோது அந்த உபரியைப் பாதுகாப்பு வால்வுதான் வெளியே விட்டாக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் அதை 'எம்-சீல்' வைத்து அடைத்துவிடச் சொன்னார். நல்ல வேளையாக யாரும் கேட்கவில்லை. வால்வை அடைப்பது பிரஷர் குக்கரின் வெயிட்டைக் கம்பியால் கட்டிவைப்பதற்குச் சமம். ஒரு சிறிய ரப்பர் குழாயை வால்வில் செருகித் தரைவரை இறக்கிவிட்டால் போதும்.

பதினோரு வருடம் இப்படிப் போயிற்று. வசதிக் குறைவுக்கு ஒரு குணம் உண்டு. பழகிவிட்டால் அது வீட்டின் வழக்கமாகிவிடும்.

அந்த வருடம் அல்மோராவிலிருந்து ஆசிரியரின் தாயார் வந்து சேர்ந்தார். வயது 76. கணவர் காலமான பிறகு மலைவீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று மகன் அழைத்து வந்திருந்தார். உயரம் நான்கடி பத்து அங்குலம். கீசருக்கும் அவர் தலைக்கும் எந்தத் தகராறும் இல்லை. "அம்மாவுக்காவது இந்தக் கஷ்டம் இல்லை" என்று மகனும் மருமகளும் நிம்மதிப்பட்டார்கள். அவர் தினமும் காலை ஆறு மணிக்குக் குளித்து, ஈரத் தலையைத் துண்டில் சுற்றிக்கொண்டு பூஜைக்கு உட்கார்ந்துவிடுவார்.

ஜனவரியில் ஒருநாள் மருமகள் அவருடைய உள்ளங்கையில் சிவப்பாக ஒரு கோடு ஓடுவதைப் பார்த்தார்.

"என்ன ஆச்சு அம்மாஜி?"

"ஒன்றுமில்லை பஹூ. தவா பட்டுவிட்டது."

அந்த வீட்டில் இரண்டு மாதமாக ரொட்டி சுடுவது மருமகள். தவாவின் கைப்பிடி மரம். சுட்ட அடையாளமோ விரல்களுக்குக் குறுக்கே, ஏதோ உருளையான பொருளை இறுகப் பிடித்ததுபோல இருந்தது. அவர் குளியலறைக்குப் போய்ப் பார்த்தார். கீசரிலிருந்து குழாய்க்கு இறங்கும் இரண்டு இரும்புக் குழாய்களில் ஒன்று லேசாக வளைந்திருந்தது. மேலே, கீசரைத் தாங்கும் போல்ட்டுகளைச் சுற்றிச் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது.

முழங்கால் தேய்ந்த மூதாட்டி முக்காலியிலிருந்து எழ எதையாவது பிடித்தாக வேண்டும். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவை அந்த இரண்டு குழாய்கள்தான். இடதுபுறம் தண்ணீர்க் குழாய், வலதுபுறம் வெந்நீர்க் குழாய். அது அவருக்குத் தெரியும். தினமும் இடதுபுறத்தையே பிடித்து எழுந்திருக்கிறார். அன்றைக்கு மூக்குக் கண்ணாடி இல்லை, அறை முழுக்க ஆவி. கை மாறிவிட்டது. சொன்னால் மகன் செலவு செய்வான் என்று சொல்லவில்லை.

வீட்டில் எல்லோரும் உயரமானவரின் தலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஆபத்து இருந்தது குள்ளமானவரின் கையில்.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் முதலில் கீசரைத் தொடவில்லை. அதன் பிளக் பாயின்ட்டைக் கழற்றினார். மூன்று துளைகளில் மேலே உள்ள பெரிய துளை எர்த்துக்கு உரியது. அதன் பின்னால் வயரே இல்லை. கீசரின் உள்ளே உள்ள ஹீட்டிங் எலிமென்ட்டின் உறை உப்புப் படிந்து என்றைக்காவது வெடித்து மின்சாரம் கசிந்தால், அது போவதற்கு வழி இல்லை. தொட்டியிலும் குழாயிலும் காத்திருக்கும். ஈர உடம்போடு, ஈரத் தரையில் கால் ஊன்றி, குழாயைப் பிடிக்கும் ஒருவர்தான் அதற்கு வழி. "மாதாஜிக்குப் பகவான் துணை" என்றார் எலக்ட்ரீஷியன். மருமகளுக்கு அந்த வாக்கியம் ஆறுதலாக இல்லை.

கீசரை இடம் மாற்றுவது என்று முடிவாயிற்று. எங்கே என்பதுதான் பழைய கேள்வி. இம்முறை அதற்கு நாலு பேர் நாலு விடை சொன்னார்கள்.

பிளம்பரின் யோசனை கேஸ் கீசர். "சின்னது பையா, இலேசு. நாலரை அங்குலச் சுவரே தாங்கும். கரண்ட் பில்லும் கிடையாது" என்று கணவரிடம் அடித்துச் சொன்னார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. சொல்லாததுதான் பெரிய உண்மை. நிமிடத்துக்கு ஆறு லிட்டர் நீரை 25 டிகிரி உயர்த்தச் சுமார் பத்து கிலோவாட் வெப்பம் வேண்டும். ஐந்து மின்சார கீசர்களின் வேலை அது. அதற்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எல்.பி.ஜி. எரியும். ஒரு கிலோ எல்.பி.ஜி. முழுதாக எரியப் பன்னிரண்டு கன மீட்டருக்கு மேல் காற்று தேவை. ஐந்தடி, நான்கடி, ஏழடி அறையில் உள்ள மொத்தக் காற்றே நான்கு கன மீட்டர். கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தால் இருபது நிமிடத்துக்குக் கூடக் காணாது. அதற்கு வெகு முன்பே பிராணவாயு குறைந்து, சுடர் அரைகுறையாக எரிந்து, கார்பன் மோனாக்ஸைடைக் கக்கத் தொடங்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, அப்புறம் மயக்கம். கதவோ உள்ளே தாழிட்டிருக்கும். இந்திய மருத்துவ இதழ்களில் இதற்கு 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்று தனிப் பெயரே உண்டு.

இது புதிய சங்கதியும் அல்ல. ஐஸ்லாந்தில் கெய்சிர் என்று ஒரு வெந்நீர் ஊற்று உண்டு. அந்தப் பெயரைத் தன் கண்டுபிடிப்புக்குச் சூட்டி 1868-ல் லண்டனில் முதல் கேஸ் கீசரைக் கொண்டுவந்தவர் பெஞ்சமின் வாடி மாகன். வெந்நீர் கொட்டிற்று. ஆனால் எரிந்த வாயு வெளியேற அதில் புகைபோக்கி இல்லை. ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் நம் குளியலறைகளில் அதே குறை. கேஸ் கீசர் இருக்க வேண்டிய இடம் திறந்த பால்கனி. அங்கிருந்து வெந்நீர் மட்டும் குழாய் வழியாக உள்ளே வரலாம். நெருப்பு வரக் கூடாது. இந்த வீட்டின் ஒரே பால்கனி, வீட்டின் மறுகோடியில் இருந்தது. குளியலறையின் ரோஷன்தான், அதாவது கூரையருகே உள்ள சின்னக் காற்று ஜன்னல், குளிருக்குப் பயந்து அட்டையால் அடைக்கப்பட்டிருந்தது. மருமகள் அந்த அட்டையைப் பார்த்தார். பிளம்பரின் யோசனை அத்தோடு முடிந்தது.

கணவர் மூன்று லிட்டர் 'இன்ஸ்டன்ட்' கீசர் போதும் என்றார். தில்லி ஜனவரிக்கு அது காணாது. பன்னிரண்டு டிகிரியில் வரும் தண்ணீரை மூன்று கிலோவாட் எலிமென்ட் நிமிடத்துக்கு மூன்று லிட்டர் வீதம் சூடாக்கினால் பதினான்கு டிகிரிதான் உயரும். இருபத்தாறு டிகிரித் தண்ணீரை வெந்நீர் என்று சொல்ல முடியாது. மகள் பரணில் வைத்துவிடலாம் என்றாள். ரஜாய்களுக்கு நடுவே சொட்டும் வால்வும் மின்சார வயரும் குடித்தனம் நடத்துவது சரிப்படாது. பழுது பார்க்க ஏணி வேறு வேண்டும். எலக்ட்ரீஷியன் படுக்கை கீசரைச் சொன்னார். அதற்கு உயரம் முப்பது சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான். நல்ல யோசனை. ஆனால் அதற்கென்றே செய்த கீசரை வாங்க வேண்டும். இருக்கும் கீசரைப் படுக்க வைத்து மாட்டினால் வெந்நீர் எடுக்கும் குழாய் உச்சியில் இருக்காது. உள்ளே காற்று தங்கும். தண்ணீர் மூடாத எலிமென்ட் கருகிவிடும். படுக்கை கீசர் மாட்டினாலும் மகன் தலை தப்பும், தாயார் பிடிக்கக் குழாய் அப்படியே இருக்கும்.

அன்றிரவு மருமகள் தையல் டேப்பை எடுத்து வந்தார். குளியலறையை அளக்கவில்லை. மாமியாரை அளந்தார். முக்காலியில் உட்கார்ந்தால் தோள் எவ்வளவு உயரம், கையைத் தூக்கினால் எதுவரை எட்டும், எழும்போது எந்தப் பக்கம் சாய்கிறார். மூதாட்டிக்கு வெட்கம். "எனக்கு ரவிக்கை தைக்கிறாயா பஹூ?" என்று சிரித்தார். ஒரு காகிதத்தில் குறிக்கப்பட்ட அந்த நாலு எண்களிலிருந்துதான் விடை வந்தது. அவர் கைக்கு எட்டும் இடத்தில் சூடான எதுவும், மின்சாரமுள்ள எதுவும் இருக்கக் கூடாது. பிடித்துக்கொள்ள ஒன்று இருக்க வேண்டும்.

குளியலறைக்கு அடுத்தது சமையலறை. நடுவில் ஒரே சுவர். சமையலறைக் கூரை பத்தடி. பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்கு மேலே ஊறுகாய் ஜாடிகளின் பலகை. அதற்கும் மேலே வெறும் சுவர். கீசர் அங்கே போகலாம். சுவரைத் துளைத்து இரண்டடிக் குழாய் போட்டால் வெந்நீர் குளியலறைக்கு வந்துவிடும். குளிர்காலத்தில் பாத்திரம் தேய்க்கவும் வெந்நீர் கிடைக்கும்.

ஒரே தயக்கம், அது மாமியாரின் ரசோய். வெங்காயத் தோல் கூட இரவில் தங்க விடாதவர். குளியலறைச் சாமானை அங்கே மாட்டச் சம்மதிப்பாரா? மகன் கேட்கத் தயங்கினார். மருமகள் கேட்டார். மூதாட்டி சற்று நேரம் ஊறுகாய் ஜாடிகளைப் பார்த்தார். "தண்ணீர் அதே தண்ணீர்தானே. தொட்டி மட்டும் புதிதாக வாங்கு" என்றார்.

புதிதாக வாங்கியது பதினைந்து லிட்டர். இதுவும் ஒரு கணக்கின் விளைவு. 50 டிகிரியில் உள்ள பதினைந்து லிட்டர் வெந்நீரை ஜனவரிக் குழாய்த் தண்ணீரில் விளாவினால் 40 டிகிரியில் இருபது லிட்டர் கிடைக்கும். ஒருவருக்கு ஒரு பெரிய வாளி. இரண்டு கிலோவாட் எலிமென்ட் அந்தப் பதினைந்து லிட்டரைச் சூடாக்க இருபது நிமிடம் போதும். பழைய 25 லிட்டர் தொட்டி, யாரும் ஊற்றிக்கொள்ளாத தண்ணீரைத்தான் தினமும் சூடாக்கிக்கொண்டிருந்தது. தெர்மோஸ்டாட்டை 50-ல் நிறுத்தியதற்கும் காரணம் இருந்தது. 60 டிகிரி நீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். 50-ல் அதற்குச் சில நிமிடங்களாகும். வயதானவர் கையை இழுத்துக்கொள்ள அந்த நிமிடங்கள் தேவை.

எடை குறைந்ததால் நாலரை அங்குலச் சுவருக்கும் வழி பிறந்தது. சாதாரண போல்ட்டை நம்பாமல், சுவரை முழுதாகத் துளைத்து மறுபக்கம் இரும்புப் பட்டை வைத்து முடுக்கினார்கள். எர்த் வயர் உண்மையாகவே எர்த் வரை போயிற்று. கீசருக்குத் தனி வயர், தனி எம்.சி.பி., அதோடு 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. குளியலறையில் இரும்புக் குழாய்கள் போய், வெந்நீர்க் குழாய் சுவருக்குள் பதிந்தது. கீசர் இருந்த ஒன்பது அங்குலச் சுவரில், காகிதத்தில் குறித்த உயரத்தில், எவர்சில்வர் கைப்பிடி ஒன்று வந்தது. ஒன்றரை நாள் வேலை. செலவில் பெரும்பங்கு கீசருக்கு. கைப்பிடிக்கு ஆன செலவு, அந்த மாதக் கேபிள் டிவி கட்டணத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

ஆசிரியர் இன்னமும் குளித்து முடித்ததும் குனிந்து, பக்கவாட்டில் ஓர் அடி வைத்துத்தான் நிமிர்கிறார். தலைக்கு மேல் ஒன்றுமில்லை என்பது உடம்புக்கு உறைக்கச் சில மாதங்களாகும் போலிருக்கிறது. தாயாரோ முதல் நாளே கைப்பிடிக்குப் பழகிவிட்டார்.

மே மாதம் வந்தது. தில்லியின் மொட்டை மாடித் தொட்டிகள் பகலெல்லாம் காய்ந்து, 'தண்ணீர்' என்று குறித்த குழாயில் கொதிநீர் வரும் காலம். அந்த நகரத்துக்காரர்களுக்கு ஒரு தந்திரம் தெரியும். சுவிட்ச் போடாத கீசரின் காப்புறைக்குள் விடியற்காலையில் நிரம்பிய நீர் பகலிலும் குளுமை மாறாமல் இருக்கும். நண்பகலில் மூதாட்டி குளியலறைக்குள்ளிருந்து குரல் கொடுக்கிறார்: "பஹூ, இன்றைக்குக் கீசர் தண்ணீரில் குளிக்கிறேன்." மருமகள் சமையலறையிலிருந்தே சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி அம்மாஜி" என்கிறார்.